பன்னிரண்டு படச் சுருளும் யாழ்ப்பாணச் சமூக வரலாறும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றினை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, தோம்பு, நொத்தாரிசு உறுதி முதலியவற்றைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ‘கல்வெட்டு’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவுறும்போது உறவினருக்கும் அயலவருக்கும் வழங்கப்படும் நினைவு நூலும் கல்வெட்டு என்றே அழைக்கப்படுகின்றது. திதி வெண்பா, குடும்ப வரலாறு, திருமுறைப் பாடல்கள், உற்றார் புலம்பல் என்பன அதன் உள்ளடக்கமாகும். அதன் முகப்பிலே இறந்தவரின் நிழற்படம் ஒன்று தவறாது இடம்பெறும்.

கல்வெட்டின் செய்யுளை ஆராய்ந்தோர் உளர். அதிற் காணப்படும் வமிசாவளியினை ஆராய்ந்தோரும் உளர். ஆயின், முகப்பிலுள்ள படம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அதன் இறுதிக் காலம் வரை, இத்தகைய படங்களிற் பெரும்பாலானவற்றின் மூலம் ஸ்ரூடியோ ஒன்றின் இருட்டறையிலே கழுவப்பட்ட நெகற்றிவ் ஆகும். அந்நெகற்றிவ், பெரும்பாலும், ஆறு சென்ரிமீற்றர் அகலமுள்ள சுருளிலே நடுத்தர அளவுக் கமராவினாற் பதியப்பட்டது. இக்கமரா வகையின் தோற்றத்தையும், யாழ்ப்பாணச் சமூகத்தின் தேவைகளோடு அது பொருந்திய விதத்தையும், அதன்வழி உருவாகிய ஆவணத் தொகுதிக்கு நேர்ந்த கதியையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடித் தகட்டிலிருந்து படச் சுருளுக்கு

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டிலே உலகறிய வெளிப்படுத்தப்பட்டது. பிரான்சிலே டகேர் கண்ட முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலே படம் நேரடியாகத் தோன்றியது. அது ஒன்றே ஒன்று. அதற்குப் பிரதி இல்லை. இங்கிலாந்திலே டல்பொட் கண்ட முறையோ வேறானது. முதலில் ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் நெகற்றிவ் உருவாகும். அதிலிருந்து வேண்டிய அளவு பிரதிகள் எடுக்கலாம். பின்வந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வழக்கிலிருந்தது டல்பொட்டின் இக்கோட்பாடே. நெகற்றிவ் என்பது மூலம், கையிற் கொடுக்கப்படும் படம் என்பது பிரதி என்னும் வேறுபாடு இங்கிருந்தே தொடங்குகின்றது. இக்கட்டுரையின் முடிவுக்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

1851இல் ஆர்ச்சர் என்பார் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலே, கண்ணாடித் தகட்டுக்கு இரசாயனம் பூசி அது உலருமுன் படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். 1870, 1871ஆம் ஆண்டுகளிலே அரசாங்கத்துக்காக அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படம் பிடித்த ஜோசப் லோட்டன் போன்றோர் இருட்டறையையும் உடன்கொண்டு செல்லவேண்டியவராயினர். 1871இல் மடொக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஜெலற்றின் பூசிய உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். தகட்டினை முன்னரே ஆயத்தஞ் செய்து, பெட்டியிலடைத்து விற்கும் தொழில் அதன் பின்னரே வளர்ந்தது. ‘ஹாவ் பிளேற்’ எனப்படும் 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குல அளவிலான தகடு ஸ்ரூடியோக்களின் நெடுங்கால அளவாயிற்று.

இக்கலைக்கு அடிப்படையான இரசாயன அறிவு யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மானிப்பாயிலே மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலே மேனாட்டு மருத்துவங் கற்பித்தவர். அவரது முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இலே தமிழில் வெளிவந்தது. எனினும், பிற்காலத்து ஸ்ரூடியோக்களிலே இருட்டறைத் தொழில் நூல்வழிக் கல்வியாக அன்றி, மூத்தவரிடம் இளையவர் கைவேலையாகப் பழகும் தொழிலாகவே பெரிதும் நிலவிற்று.

கண்ணாடித் தகடு பாரமானது, எளிதில் உடைவது, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே மாற்றவேண்டியது. 1888இல் ஈஸ்ற்மன் அறிமுகஞ் செய்த கொடாக் கமரா இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1901இலே ‘120’ என்னும் இலக்கமுடைய படச்சுருள் பிறவுனிக் கமரா ஒன்றுக்கென வெளியிடப்பட்டது. சுருளின் பின்புறத்திலே ஒளி புகாத தாள் சுற்றப்பட்டிருக்கும். தாளில் அச்சிடப்பட்ட எண்களைக் கமராவின் பின்னுள்ள சிறு செந்நிறச் சாளரத்தினூடு பார்த்துச் சுருளை நகர்த்தலாம். பகல் வெளிச்சத்திலேயே சுருளை மாற்றலாம். கமராக்கள் எத்தனையோ மாறியபோதும் இச்சுருள் மாறவில்லை. இன்றும் உற்பத்தி செய்யப்படுகின்றது.

இரட்டை வில்லைக் கமராவும் தொகுதிக் கமராவும்

120 சுருளின் முழுப் பயனும் தெரியவந்தது ஜேர்மனியிலேயாம். பிறவுண்ஸ்வைக் நகரிலே பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் நடத்திய நிறுவனம் 1929இலே ‘ரோலைபிளெக்ஸ்’ கமராவை வெளியிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரு வில்லைகள் அதில் அமைந்திருந்தன. மேல் வில்லை காண்பதற்கு. கீழ் வில்லை பதிப்பதற்கு. மேல் வில்லையினூடு வரும் ஒளி கண்ணாடியொன்றிற் பட்டு மேலேயுள்ள மங்கற் கண்ணாடியிலே சதுரமான காட்சியாகத் தெரியும். 1932இலிருந்து இவ்வகைக் கமரா 120 சுருளை ஏற்றது. ஒரு சுருளிலே பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைத்தன. சற்று விலை குறைந்த ‘ரோலைகோட்’ அடுத்த ஆண்டு வந்தது. இலங்கையிலே நிழற்படத்தைக் கலையாக உயர்த்தியவரெனப் போற்றப்படும் லயனல் வெண்ட் (1900–1944) ரோலைபிளெக்ஸையும் லைக்காவையும் கையாண்டவர்.

இரண்டாம் உலகப் போரின் பின் யப்பானியக் கமராக்கள் இவ்வமைப்பினைக் குறைந்த விலையிற் கிடைக்கச் செய்தன. 1957இலே வந்த ‘யசிக்கா மாட்’ அவற்றுட் குறிப்பிடத்தக்கது. மாமியா நிறுவனம் 1950களின் பிற்பகுதியிலே, இரு வில்லைகளையும் ஒருசேரக் கழற்றி மாற்றத்தக்க இரட்டை வில்லைக் கமராவை அமைத்தது.

இதே அளவுச் சுருளைப் பயன்படுத்திய வேறொரு மரபு சுவீடனிலே தோன்றியது. விக்டர் ஹசல்பிளாட் (1906–1978) 1948இலே வெளியிட்ட கமராவில் உடல், வில்லை, காண்கருவி, சுருட்பெட்டி ஆகிய நான்கும் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கனவாக இருந்தன. ஒரு சுருள் முடியுமுன்னரே வேறு சுருட்பெட்டியைப் பொருத்தலாம். கமரா என்பது ஒரு பொருள் அன்று, பல உறுப்புக்களின் தொகுதி என்னும் கருத்து இங்கே முழுமை பெற்றது. 1957இல் வந்த 500சி என்னும் வகை உலகெங்கும் தொழில்முறைப் படப்பிடிப்பாளரின் கருவியாயிற்று. 1969இலே சந்திரனில் மனிதன் கால்பதித்தபோது எடுக்கப்பட்ட படங்களும் ஹசல்பிளாட் கமராவினால் எடுக்கப்பட்டவையே.

எனினும், ஒரு கருவி எங்கே வேரூன்றுகின்றது என்பதைத் தீர்மானிப்பது அதன் உயர்வு மட்டுமன்று. வாங்குவோரின் பொருள்வளமும் பழுதுபார்க்கும் வாய்ப்புமாகும். தென்னாசியாவின் சிறு நகர ஸ்ரூடியோக்களுக்கு ஏற்றதாய் அமைந்தது தொகுதிக் கமராவன்று. இரட்டை வில்லைக் கமராவேயாகும். அதன் அமைப்பு எளிமையானது. ஒளியளவுமானி இல்லாத வகைகள் மின்கலம் எதனையும் வேண்டுவனவல்ல. 1970இல் வந்த யசிக்கா மாட் 124ஜி வகையில் ஒளியளவுமானிக்கு மட்டுமே மின்கலம் தேவைப்பட்டது. அது இல்லாதபோதும் கமரா இயங்கும்.

சதுர நெகற்றிவின் அளவு பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். அதன் பதிவுப் பரப்பு ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் சதுரம். அதாவது 3136 சதுர மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளின் பதிவுப் பரப்பு 24க்கு 36. அதாவது 864 சதுர மில்லிமீற்றர். முன்னது பின்னதைப் போல மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. இவ்வேறுபாடு காரணமாகவே நடுத்தர அளவு நெகற்றிவின்மீது கூரிய பென்சிலாலே முகத்தின் தழும்பையும் நிழலையும் திருத்துதல் இயன்றது. பெரிதாக்கும்போது படம் சிதையாதிருந்தது. குழுப்படம் ஒன்றின் மூலையிலே நிற்பவரின் முகத்தைத் தனியே பிரித்தெடுக்கவும் முடிந்தது.

யாழ்ப்பாணத்துத் தேவைகள்

யாழ்ப்பாணச் சமூகம் நிழற்படத்தை விரும்பியமைக்குப் பல காரணங்கள் உள. அவற்றுள் முதன்மையானது புலப்பெயர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தின் ஆங்கிலங் கற்ற இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தொழில் தேடிச் சென்றனர். 1905இலே கொழும்புடன் புகையிரதத் தொடர்பு முழுமை பெற்றபின் தென்னிலங்கையிலே உத்தியோகம் பார்ப்போர் தொகையும் பெருகிற்று. குடும்பத்தின் ஒரு பகுதி எப்போதும் தொலைவில் இருந்தது. பிறந்த பிள்ளையின் முகமும், பேசிவந்த மணமகளின் முகமும், இறந்த தாயின் முகமும் தபாலிலே சென்று சேரவேண்டியிருந்தன. இறந்தவரின் பூதவுடலைச் சூழக் குடும்பத்தினர் நின்று படமெடுக்கும் வழக்கத்தினை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஊரிலிருந்து வந்து சேரமுடியாத மகனுக்கு, கிரியை முறைப்படி நடந்தது என்பதற்கும், யார் யார் வந்து நின்றனர் என்பதற்கும் அப்படமே சாட்சி.

இரண்டாவது காரணம் கல்வி நிறுவனங்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி முதலியவற்றின் மண்டபச் சுவர்களையும் ஆண்டு மலர்களையும் ஆசிரியர் குழாம், மாணவத் தலைவர், துடுப்பாட்ட அணி ஆகியோரின் குழுப்படங்கள் அலங்கரித்தன. இருக்கையில் அமர்வோர் யார், நிற்போர் யார், நடுவிலே யார் என்பதிலே அதிகார ஒழுங்கு ஒன்று தெளிவாகப் புலப்படும். சமூக வரலாற்று மாணவன் அவற்றைப் பார்த்துப் பெறக்கூடிய செய்தி, அடியிலே அச்சிடப்பட்ட பெயர்ப் பட்டியலிற் கிடைப்பதனினும் மிகுதியானது. உடை, தலைப்பாகை, மேலங்கி, வெற்றுடம்பின் மேற் சால்வை ஆகியவற்றின் மாற்றத்தை ஆண்டுவாரியாக அவற்றிற் காணலாம்.

மூன்றாவது காரணம் சடங்குகள். திருமணம், பூப்புனித நீராட்டு, ஏடு தொடக்கல், உத்தியோகம் பெற்றவர் பயணம் புறப்படல் ஆகிய ஒவ்வொன்றும் படமெடுக்கும் தருணமாயிற்று.

பன்னிரண்டு படங்களின் சிக்கனம்

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே என்னும் வரையறை வெறும் தொழினுட்பச் செய்தி அன்று, பண்பாட்டு விளைவுடையது. சுருளின் விலையும் கழுவும் கூலியும் கருதி, ஒரு திருமணத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சுருள்களே பயன்படுத்தப்படுமாயின், நாள் முழுவதும் நிகழும் கிரியைகளுள் எவை படமாதல் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டியதாகின்றது. தாலி கட்டுதல், அம்மி மிதித்தல், அறுகரிசி இடுதல், பெற்றோருடன் மணமக்கள், மாமன்மாருடன் மணமக்கள், வாசலிலே ஆராத்தி என்றவாறு ஓர் ஒழுங்கு அமைகின்றது. சடங்கின் முக்கியத்துவமே படத்தின் இடத்தைத் தீர்மானித்தது என்பது உண்மை. அதேவேளை, படத்தில் இடம்பெற்ற கட்டமே அடுத்த தலைமுறையின் நினைவிலே சடங்கின் சாரமாக நிலைபெற்றது என்பதும் உண்மை. சமையற் பந்தலும், கன்னக்கால் ஊன்றிய காலையும், பந்தலுக்கு வெளியே நின்று தொழில் செய்தோரும் பன்னிரண்டினுள் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கிலே எவர் படத்தினுள் நின்றனர், எவர் நிற்கவில்லை என்னும் வினாவை எழுப்பாது இப்படங்களைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. சதுரத்தின் எல்லைக் கோடு ஒளியியலால் மட்டும் வரையப்பட்டதன்று.

கமராவின் அமைப்பும் படத்தின் தோற்றத்தைப் பாதித்தது. இரட்டை வில்லைக் கமராவைப் பிடிப்பவர் அதனை மார்புக்குக் கீழே வைத்து, தலை குனிந்து மங்கற் கண்ணாடியைப் பார்த்தல் வேண்டும். காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். எனவே சட்டெனப் படம் பிடிப்பது கடினம்; அமர்த்தி, நிறுத்தி, முகத்தை உயர்த்தச் சொல்லி எடுப்பதே இயல்பு. கமரா கண்மட்டத்துக்குத் தாழ இருப்பதால் நிற்பவர் நெடிதுயர்ந்தும், அமர்ந்திருக்கும் முதியவர் பார்ப்போரை நேர்நோக்கியும் தோன்றுவர். பழைய படங்களிற் காணப்படும் அசையாத கம்பீரத்துக்கு அக்கால மனிதரின் இயல்பு மட்டுமன்று, கருவியின் இயல்பும் காரணமாகும்.

கிணற்று நீரும் இருட்டறையும்

படச்சுருளைக் கழுவுவதற்கான அளவீடுகள் குளிர்நாட்டவரால் வகுக்கப்பட்டவை. டெவலப்பர் திரவத்தின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் இருத்தல் வேண்டும் என்பது பொதுவான விதி. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ அதனினும் ஏழெட்டுப் பாகை வெப்பமுடையது. வெப்பம் கூடுமாயின் உருவம் விரைந்து தோன்றும். நேரத்தைக் குறைத்தல் வேண்டும். சுருளின்மேலுள்ள ஜெலற்றின் படலமும் மென்மையாகிச் சுருங்கவும் உரியவும் கூடும். ஐஸ் கட்டியைப் பாத்திரத்தைச் சூழ வைத்தல், படலத்தை இறுகச் செய்யும் படிகாரச் சேர்வையைப் பயன்படுத்தல், இரவிலே கழுவுதல் ஆகியன வெப்ப நாடுகளின் இருட்டறைகளுக்குரிய பரிகாரங்கள்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாலானது. ஆதலின் நிலத்தடி நீர் வன்னீராகும். இந்நீரிலே கழுவி உலர்த்தப்படும் நெகற்றிவிலே வெண்புள்ளிகள் படிதல் இயல்பு. நீர் போதியளவு மாற்றப்படாவிடின் ‘ஹைப்போ’ எனப்படும் நிலைநிறுத்தும் உப்பு எஞ்சி நின்று, சில ஆண்டுகளிலே படத்தை மஞ்சளாக்கும். கோடையிலே கிணறு வற்றும் கிராமத்திலும் உவர் ஏறிய கரையோரத்திலும், கழுவும் நீரின் அளவே படத்தின் ஆயுளை நிர்ணயித்தது எனலாம். யாழ்ப்பாணத்து வேளாண்மையைப் போலவே நிழற்படத் தொழிலும் கிணற்றை நம்பியிருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் அடையாள அட்டையும்

இலங்கையிலே படச்சுருள் உற்பத்தி நிகழவில்லை. அது முற்றிலும் இறக்குமதிப் பொருள். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களிலே தொடங்கிய கட்டுப்பாடுகள் 1970–1977 ஆட்சிக் காலத்திலே மேலும் இறுகின. இக்கட்டுப்பாடுகள் யாழ்ப்பாணத்திலே ஒரு முரண்பாட்டைத் தோற்றுவித்தன. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி தடைப்பட்டமையாற் குடாநாட்டுக் கமக்காரரின் கையிலே முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பணம் புழங்கிற்று. கல்வீடும் பெருமெடுப்பிலான திருமணமும் அவர்க்கு எட்டுவனவாயின. அதே கொள்கை, அத்திருமணத்தைப் படமெடுப்பதற்கான சுருளையும் தாளையும் அரிய பொருள்களாக்கிற்று. அயலிலே தமிழ்நாட்டில் உதகமண்டலத்திலே 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரச நிறுவனம் 1967இலிருந்து ‘இந்து’ என்னும் பெயரிலே கறுப்பு வெள்ளைச் சுருளை உற்பத்தி செய்தது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பெரிய நாடு உள்நாட்டு உற்பத்தியால் எதிர்கொண்ட பிரச்சினையைச் சிறிய நாட்டின் தொழிலாளர் சிக்கனத்தால் எதிர்கொண்டனர்.

இதே காலத்திலே நிழற்படம் விருப்பத்திலிருந்து கட்டாயமாக மாறியது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972இலிருந்து தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்படலாயின. அதுவரை தமக்கெனத் தனிப்படம் எடுத்திராத கூலித் தொழிலாளியும், முதிய பெண்ணும் கமராவின் முன் அமரவேண்டியவராயினர். ஸ்ரூடியோவின் வாசல் எல்லாச் சமூகத்தவர்க்கும் திறக்கப்பட்டமைக்கு இச்சட்டமும் ஒரு காரணம் எனல் மிகையாகாது. திருமணப் படத்தின் சதுரத்துக்கு வெளியே நின்றோர் அரசின் ஆணையினாற் சதுரத்தினுள் வந்தனர். பலருக்கு அதுவே வாழ்நாளில் எடுத்த ஒரே தனிப்படம். அவர் இறந்தபோது கல்வெட்டின் முகப்புக்கு உதவியதும் அதுவே.

போர்க்காலம்

1977இன் பின் இறக்குமதி தளர்ந்தது. 1980களிலே வண்ணப்படமும் 35 மில்லிமீற்றர்க் கமராவும் பரவத் தொடங்கின. நடுத்தர அளவுக் கமராவின் செல்வாக்கு உலகெங்கும் குறைந்துவந்த காலம் அது. ஆயின் யாழ்ப்பாணத்திலே அதே காலம் வேறொரு வரலாற்றின் தொடக்கமாயிற்று. 1981 மே 31ஆம் நாளை அடுத்த நாள்களிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. ஈழநாடு நாளிதழின் பணிமனையும் எரிந்தது. 1983 யூலைக்குப் பின் வெளிநாட்டுக்குச் செல்வோர் பெருகினர். கடவுச்சீட்டுப் படமும், மணமகள் படமும் ஸ்ரூடியோக்களின் முக்கிய வேலையாயின. சோதனைச் சாவடிகளிலே அடையாள அட்டையிலுள்ள முகம் உயிர்காப்பாகவும், சிலவேளைகளிலே உயிருக்கு உலையாகவும் அமைந்தது.

1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது, மின்சாரம் தடைப்பட்டது, எரிபொருள், மின்கலம் உள்ளிட்ட பல பொருள்கள் குடாநாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது. மக்கள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பழைய கமராவின் இயல்புகள் மீண்டும் பெறுமதி பெறத்தக்க சூழல் இதுவேயாகும். வில்லும் பற்சக்கரமும் கொண்டு இயங்கும் கமராவுக்கு மின்கலம் வேண்டியதில்லை. உருப்பெருக்கிக்கு மின்விளக்கு இன்றியமையாதது. ஆனால் ஆறு சென்ரிமீற்றர் நெகற்றிவைத் தாளின்மேல் நேரே பொருத்தி, எண்ணெய் விளக்கின் ஒளியிலேயே அதே அளவிலான பிரதி எடுக்கலாம். அப்பிரதியில் முகம் தெளிவாகத் தெரியும். 35 மில்லிமீற்றர் நெகற்றிவிலிருந்து அவ்வாறு பெறும் பிரதி விரல்நுனி அளவினதாய்ப் பயனற்றுப் போகும். வளம் மிக்க நாடுகளிலே காலங்கடந்ததெனக் கைவிடப்பட்ட கருவி, வளம் மறுக்கப்பட்ட நிலத்துக்கே ஏற்றதாக இருந்தது என்பது தொழினுட்ப வளர்ச்சி பற்றிய நேர்கோட்டுக் கருத்தை மீள நோக்க வைக்கின்றது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். காணி உறுதி, கல்விச் சான்றிதழ், அடையாள அட்டை என்பவற்றோடு கையில் எடுத்துச் செல்லத்தக்கது நிழற்பட அல்பம். நெகற்றிவ் அவ்வாறன்று. அது வாடிக்கையாளரின் வீட்டில் இருப்பதில்லை. ஸ்ரூடியோவின் பெட்டிகளிலே, இலக்கமிட்ட உறைகளிலே இருந்தது. பிரதி மக்களோடு நடந்தது. மூலம் நகரிலே தங்கிற்று.

மூலம் யாருடையது?

சுருளின் அடித்தளமான அசற்றேற்று, வெப்பமும் ஈரமும் மிகும்போது சிதைந்து புளித்த மணம் வீசிச் சுருங்கும். கடற்காற்று வீசும் குடாநாட்டிலே வில்லையிலும் நெகற்றிவிலும் பூஞ்சணம் படர்தல் இயல்பு. குண்டு வீச்சுக்கும் தீக்கும் தப்பிய நெகற்றிவுகள் காலத்துக்குத் தப்புதல் அரிது. கணினிப் படம் பரவிய பின் கடையை மாற்றியமைக்கும் எவருக்கும் பழைய உறைகள் நிறைந்த பெட்டி இடத்தை அடைக்கும் சுமையாகவே தோன்றும். அதனை வீசுபவரைக் குறை கூறுதல் முறையன்று. அது சான்று என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் கற்றோரேயாவர்.

ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த உ. வே. சாமிநாதையர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோரின் முயற்சி தமிழ்க் கல்வியுலகம் நன்கறிந்தது. பின்னவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்தவர். சுவடிகள் செல்லுக்கு இரையாகுமுன் அச்சேறவேண்டும் என்னும் அவசரம் அவர்களை உந்தியது. நெகற்றிவுகளின் நிலை அதனின் வேறானதன்று. 2005இலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலக முயற்சி நூல்களையும் சஞ்சிகைகளையும் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது. கல்வெட்டின் அச்சுப்படி இவ்வாறு காக்கப்படும்போது, அதன் முகப்புப் படத்துக்கு மூலமாகிய நெகற்றிவும் காக்கப்படுதல் பொருத்தமாகும்.

இம்முயற்சிக்குப் பெருநிதி முதலில் வேண்டியதில்லை. ஸ்ரூடியோக்களை நடத்தியோரின் வாய்மொழிச் சான்றுகளைப் பதிதல், உறைகளில் எழுதப்பட்ட இலக்கம், நாள், ஊர் ஆகியவற்றை நெகற்றிவிலிருந்து பிரியாது பேணுதல், உலர்ந்த குளிரிடத்தில் அவற்றை வைத்தல், படிப்படியாக எண்ணிமப்படுத்தல் ஆகியன பல்கலைக்கழக மாணவரால் இயலக்கூடியன. அதேவேளை, ஒரு கட்டுப்பாடும் மறத்தலாகாது. நெகற்றிவிலுள்ள முகம் ஒரு மனிதரின் முகம். தேடப்பட்டவர், காணாமற்போனவர், பெயர் மாற்றி வாழ்பவர் ஆகியோரின் முகங்களும் அவற்றுள் இருத்தல் கூடும். பாதுகாத்தல் வேறு, யாவரும் பார்க்க வெளியிடுதல் வேறு. உறவினரின் இசைவின்றி இரண்டாவதனைச் செய்யும் உரிமை ஆய்வாளர்க்கு இல்லை.

போரிலே உறவுகளை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, இழந்தவரின் படமும் எஞ்சவில்லை. கல்வெட்டுக்கோ, காணாமற்போனோரைத் தேடும் விண்ணப்பத்துக்கோ ஒட்டுவதற்கு முகம் ஒன்று வேண்டி நிற்போர் உளர். நகரின் ஏதோவொரு பழைய அறையிலே, ஈரம் ஊறும் பெட்டி ஒன்றிலே, பென்சிலால் இலக்கமிட்ட உறையினுள் அம்முகம் இன்னும் இருத்தல் கூடும். அது வரலாற்று மாணவனுக்குச் சான்று. அக்குடும்பத்துக்கு அதனினும் மேலானது. இரண்டு காரணங்களாலும் அப்பெட்டி திறக்கப்படுதல் வேண்டும்.